விசா முடியப் போகிறது, கையில் பணம் குறைவு: தங்கும் காலத்தை நீட்டிக்க முடியுமா?

தும்பை:
எல்லோருக்கும் வணக்கம். அக்காவின் பிரசவத்துக்குத் துணையாக இருக்கலாம் என்று வருகையாளர் விசாவில் கனடா வந்தேன். குழந்தை குறைமாதத்தில் பிறந்ததால் இன்னும் மருத்துவமனையில்தான் இருக்கிறது. அக்காவும் முழுதாகத் தேறவில்லை. எனக்குக் கொடுத்த ஆறு மாதம் அடுத்த மாதக் கடைசியில் முடிகிறது. இன்னும் மூன்று மாதமாவது நான் கூட இருந்தால்தான் அவர்களால் சமாளிக்க முடியும்.

சிக்கல் பணம்தான். கொண்டு வந்ததில் பெரும்பகுதி செலவாகிவிட்டது. அத்தானின் நண்பர் ஒருவர் என் கணக்கில் ஒரு தொகை போடுகிறேன், விண்ணப்பம் முடிந்ததும் திருப்பித் தாருங்கள் என்கிறார். தெரிந்த இன்னொருவரோ, விண்ணப்பமே வேண்டாம், இருந்துவிட்டுப் போங்கள், விமான நிலையத்தில் அபராதம் கட்டினால் போதும் என்கிறார். இரண்டுமே எனக்குப் பயமாக இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கடலோடி:
அபராதம் கட்டிவிட்டுப் போகலாம் என்று சொன்னவர் தாய்லாந்தை மனதில் வைத்துச் சொல்லியிருப்பார். அங்கே அனுமதித்த நாளுக்கு மேல் தங்கினால் நாளுக்கு 500 பாட், அதிகபட்சம் 20,000 பாட். சில நாள் தாமதமானவர்கள் விமான நிலையத்தில் கட்டிவிட்டுக் கிளம்புவதைப் பார்த்திருக்கிறேன். கனடாவில் எப்படி என்று அங்கே இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

வழித்துணை:
தும்பை, நல்ல வேளையாக நாள் இருக்கும்போதே கேட்டீர்கள். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இத்தனை நாளுக்கு இவ்வளவு என்று விமான நிலையத்தில் கட்டிவிட்டுப் போகிற முறை கனடாவில் கிடையாது. அனுமதி இல்லாமல் தங்கினால் அது உங்கள் பதிவில் நிற்கும், வெளியேற்ற உத்தரவு வரை போகலாம். பிறகு பல நாட்டு விசாக்களுக்கு விண்ணப்பிக்கும்போது, இதற்கு முன் அனுமதி மீறித் தங்கியது உண்டா என்ற கேள்விக்கு ஆம் என்று எழுத வேண்டிவரும். அக்கா குழந்தையைப் பார்க்க அடுத்த முறை வர வேண்டும் அல்லவா? அதை இப்போதே கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் தேதியைச் சரிபாருங்கள். கடவுச்சீட்டில் ஒட்டியிருக்கும் விசாவின் கடைசித் தேதி, நாட்டுக்குள் நுழைவதற்கான தேதி. எதுவரை தங்கலாம் என்பது வேறு. கனடாவில் நுழையும்போது அதிகாரி தனியாக ஒரு தேதி எழுதாமல் விட்டிருந்தால், நுழைந்த நாளிலிருந்து ஆறு மாதம். தேதி எழுதியிருந்தால் அதுதான் கணக்கு. அமெரிக்காவிலும் இப்படித்தான், அங்கே ஐ-94 என்ற நுழைவுப் பதிவில் உள்ள தேதி. விசாவில் இன்னும் பல வருடம் இருக்கிறதே என்று நம்பி உட்கார்ந்திருப்பவர்கள் நிறைய. கையோடு கடவுச்சீட்டு எப்போது முடிகிறது என்றும் பாருங்கள். பொதுவாக அதைத் தாண்டி நீட்டித்துத் தர மாட்டார்கள்.

அடுத்தது, அனுமதி முடிவதற்குக் குறைந்தது 30 நாள் முன்பே விண்ணப்பிக்கச் சொல்கிறது கனடாக் குடிவரவுத் துறை. வருகையாளராகத் தங்கும் காலத்தை நீட்டிக்கக் கட்டணம் 100 கனடா டாலர். முடிவு வரத் தாமதமானாலும் கவலையில்லை. அனுமதி முடிவதற்கு முன்பே விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருந்தால், பதில் வரும்வரை பழைய அனுமதி தொடர்வதாகவே கணக்கு. உங்களுக்கு இருக்கும் பெரிய பாதுகாப்பு இதுதான். கையில் 100 டாலர்தான் இருக்கிறது என்றால்கூட, அது முதலில் போக வேண்டிய இடம் இந்த விண்ணப்பம். மற்ற செலவுக்குக் கடன் கேட்கலாம், தள்ளிப்போடலாம். தேதியைத் தள்ளிப்போட முடியாது.

இப்போது அந்த நண்பரின் பணம். தயவுசெய்து வேண்டாம். திடீரென்று ஒரு பெரிய தொகை வந்து விழுந்தால் அது வங்கி அறிக்கையில் பளிச்சென்று தெரியும். எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். திருப்பித் தர வேண்டிய பணத்தைச் சொந்தப் பணமாகக் காட்டுவது தவறான தகவல் தருவது. கனடாவில் அப்படி முடிவானால் 5 ஆண்டு உள்ளே வர முடியாது. பிரிட்டனில் ஏமாற்றிய விண்ணப்பத்துக்கு 10 ஆண்டு. அமெரிக்காவில் விலக்கு கிடைத்தாலொழிய அது வாழ்நாள் தடை. பணம் போதவில்லை என்று மறுத்தால் மறுப்போடு போய்விடும். பொய்யென்று மறுத்தால் அது உங்களைவிட்டுப் போகாது.

உங்களிடம் காட்ட உண்மையிலேயே நிறைய இருக்கிறது. அக்கா வீட்டில் தங்குகிறீர்கள், வாடகை இல்லை, சாப்பாடு அங்கே. அதிகாரிக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான்: எங்கே தங்குவார், யார் செலவு செய்வார், ஏன் கூடுதல் நாள் வேண்டும், முடிந்ததும் திரும்பிப் போவாரா. ஒவ்வொன்றுக்கும் ஒரு காகிதம் இருக்கட்டும். அக்காவும் அத்தானும் சேர்ந்து எழுதிய கடிதம், அவர்களுடைய சம்பளச் சீட்டும் வங்கி அறிக்கையும், குழந்தையின் நிலையைப் பற்றி மருத்துவமனை தரும் கடிதம், தேதி மாற்றிய திரும்பும் டிக்கெட். மருத்துவமனைக் கடிதத்தை இன்றே கேளுங்கள். கேட்டவுடன் கிடைப்பதில்லை.

தும்பை:
மிக்க நன்றி வழித்துணை. படித்ததும் மூச்சு வந்தது. இரண்டு சந்தேகம். அத்தான் விடுப்பில் இருப்பதால் சம்பளம் குறைந்திருக்கிறது. அவர் ஒருவர் காட்டினால் போதுமா? என் கணக்கில் இருப்பு மிகக் குறைவு. அதைக் காட்டத்தான் வேண்டுமா, விட்டுவிடலாமா?

வழித்துணை:
காட்டுங்கள். இருப்பதை இருப்பது போலவே காட்டி, ஏன் குறைந்தது என்று இரண்டு வரி எழுதுங்கள். குழந்தை முன்னதாகப் பிறந்ததால் திட்டமிட்டதைவிடச் செலவு கூடியது, இனி என் செலவை அக்கா குடும்பம் ஏற்கிறது. அவ்வளவு போதும். குறைந்த இருப்பும் நேரான விளக்கமும் இருந்தால் அதிகாரிக்குப் படம் புரியும். ஒன்றும் இல்லாமல் விட்டால் எதை மறைக்கிறார் என்று தோன்றும்.

இன்னொருவர் சேர்ந்து பொறுப்பேற்பதில் தவறில்லை. அத்தானின் நண்பர் மனதாரக் கொடுப்பதாக இருந்தால், திரும்பக் கேட்காத உதவியாக, தன் பெயரில் கடிதம் எழுதித் தரட்டும். இத்தனை மாதத்துக்கு இவ்வளவு தருகிறேன், எனக்கும் இவருக்கும் இன்ன பழக்கம், என் வருமானச் சான்று இதோ என்று. அப்போது அது மறைக்க வேண்டிய பணமே இல்லை.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். கண்ணீர்க் கதை வேண்டாம். எந்தத் தேதிவரை வேண்டும் என்று ஒரு தேதி போடுங்கள். ‘இன்னும் கொஞ்ச காலம்’ என்று எழுதிய கடிதங்களைப் பார்த்திருக்கிறேன், படிப்பவருக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

மின்மினி:
மாணவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக. நான் பிரிட்டனில் படிக்கிறேன். இங்கே மாணவர் விசாவுக்குக் காட்டும் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் மறுக்கலாம். அதனால் கடைசி வாரத்தில் கடன் வாங்கிப் போடுவது பயனே இல்லாத வேலை. ஆனால் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. பிரிட்டனுக்குள் முறையான அனுமதியோடு 12 மாதம் இருந்துவிட்டவர்கள் மாணவர் விசாவை நீட்டிக்கும்போது வாழ்க்கைச் செலவுக்கான பணத்தைக் காட்டவே வேண்டாம். என் வகுப்பில் ஒருவர் இது தெரியாமல் வட்டிக்குக் கடன் வாங்கக் கிளம்பிவிட்டார். பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் ஆலோசகரைப் பார்த்ததும்தான் நிறுத்தினார். அந்த ஆலோசனை இலவசம், முதலில் அங்கே போங்கள்.

வழித்துணை கனடாவுக்குச் சொன்ன பாதுகாப்பு இங்கேயும் உண்டு. 1971 குடிவரவுச் சட்டத்தின் 3சி பிரிவு. நேரத்துக்குள் விண்ணப்பித்தால் முடிவு வரும்வரை பழைய அனுமதி, அதன் நிபந்தனைகளோடு, தொடரும்.

கடலோடி:
நாடு நாட்டுக்கு எவ்வளவு வித்தியாசம் என்பதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. தென்கிழக்கு ஆசியாவில் சுற்றுபவர்கள் தாய்லாந்துக் கணக்கை எல்லா இடத்துக்கும் எடுத்துப் போகிறார்கள். இந்தோனேசியாவில் அனுமதி தாண்டியது 60 நாளுக்குள் என்றால் நாளுக்கு 10 லட்சம் ரூபியா, அதைத் தாண்டினால் நாடு கடத்தலும் தடையும். சிங்கப்பூரில் 90 நாளுக்கு மேல் சட்டவிரோதமாகத் தங்கிய ஆணுக்குச் சிறையோடு பிரம்படியும் உண்டு, குறைந்தது 3 அடி.

தாய்லாந்திலேயே 20,000 பாட்டோடு கதை முடிந்துவிடுவதில்லை. 2016 முதல் உள்ள விதிப்படி, அனுமதி தாண்டி 90 நாளுக்கு மேல் தங்கிவிட்டுத் தானாக வந்து சரணடைந்தால் ஓராண்டுத் தடை. ஓராண்டுக்கு மேல் என்றால் 3 ஆண்டு, அப்படியே ஏறி 10 ஆண்டு வரை. வழியில் பிடிபட்டால், ஓராண்டுக்குள்ளான மீறலுக்கே 5 ஆண்டுத் தடை. பணம் இல்லை என்று ஒளிந்திருப்பவர் ஒவ்வொரு நாளும் இந்த ஆபத்தில்தான் இருக்கிறார். அதே ஊரில் முறையாக நீட்டிக்கக் கட்டணம் 1,900 பாட். நாலு நாள் அபராதத் தொகைகூட இல்லை. இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

அன்றில்:
ஐரோப்பாவில், பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவில் இருக்கிறேன். பணம் முடிகிறது, ஆனால் இன்னும் பார்க்க வேண்டியது இருக்கிறது. சுற்றிப் பார்க்க நீட்டிப்பு கேட்டால் கிடைக்குமா?

வழித்துணை:
கிடைக்காது நண்பரே, வெளிப்படையாகச் சொல்வதே நல்லது. ஷெங்கன் விசாச் சட்டத்தின் 33ஆம் பிரிவில் நீட்டிப்புக்கு இரண்டு வாசல்தான். விமானங்கள் நின்றுபோவது போன்ற கைமீறிய நிகழ்வு அல்லது மனிதாபிமானக் காரணம் என்றால் நீட்டித்தே ஆக வேண்டும், கட்டணமும் இல்லை. மிக முக்கியமான சொந்தக் காரணம் என்றால் 30 யூரோ, தருவது அவர்கள் விருப்பம். சுற்றுலா இரண்டிலும் வராது. எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது என்ற கணக்கும் இருக்கிறது. 2025 அக்டோபர் 12 முதல் நுழைவையும் வெளியேற்றத்தையும் கைரேகையோடு கணினியில் பதியும் முறை நடைமுறைக்கு வரத் தொடங்கியதால், முத்திரை சரியாகத் தெரியவில்லை என்ற பேச்சுக்கும் இனி இடமில்லை.

அடுத்த முறை வருவதற்கு ஒன்று சொல்கிறேன். தங்கும் இடம் எப்படி என்பதைப் பொறுத்துக் காட்ட வேண்டிய பணம் மாறும். பிரான்சில் ஓட்டல் முன்பதிவு இல்லாதவர் நாளுக்கு 120 யூரோ காட்ட வேண்டும், முன்பதிவு இருந்தால் 65, உறவினரோ நண்பரோ வீட்டில் தங்க நகராட்சி சான்றளித்த அழைப்பு இருந்தால் 32.50 தான். தும்பைக்கு அக்கா வீடு எவ்வளவு பெரிய பலம் என்பது இதிலிருந்து தெரியும்.

கரிசல்காற்று:
தும்பை, அக்கம்பக்கத்தில் குழந்தை பார்த்துக்கொள்வது, சமையல் என்று ரொக்கத்துக்கு வேலை கிடைக்குமே. கணக்கில் வராது. கொஞ்ச நாள் செய்தால் செலவுக்கு ஆகுமே?

எட்டாம் திசை:
இந்த யோசனையைத் தயவுசெய்து யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வருகையாளர் விசாவில் கூலிக்கு வேலை செய்வது நிபந்தனை மீறல். சொந்த அக்காவுக்குக் கூட இருந்து உதவுவது வேறு, அடுத்த வீட்டில் காசு வாங்கி வேலை செய்வது வேறு. அது தெரியவந்தால் நீட்டிப்பு போகும், அடுத்த விசாவும் போகும். வேலை வாங்கிக்கொண்டு கூலி தராமல் விட்டவர்களிடம் சிக்கியவர்களுக்கு நான் உதவப் போயிருக்கிறேன். புகார் செய்யப் பயந்துகொண்டு அழுவார்கள். அனுமதி இல்லாமல் வேலை செய்தவரும் புகார் செய்யச் சட்டம் இடம் தருகிற நாடுகள் உண்டு, ஆனால் அந்த நிலையில் இருப்பவருக்கு அந்தத் துணிவு எங்கிருந்து வரும்?

மின்மினி:
மாணவர்களுக்கு முறையான வழி சில இடங்களில் இருக்கிறது. அமெரிக்காவில் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படிப்பவர் ஒரு முழுக் கல்வியாண்டு முடித்தபின், எதிர்பாராத கடும் பணநெருக்கடி வந்தால், வளாகத்துக்கு வெளியே வேலை செய்ய அனுமதி கேட்கலாம். உதவித்தொகை நின்றுபோவது, பணம் அனுப்பியவரின் நிலை மாறுவது, நாணய மதிப்பு சரிவது, பெரிய மருத்துவச் செலவு எல்லாம் ஏற்கப்படும் காரணங்கள். பாடக்காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை. அனுமதி அட்டை கைக்கு வந்த பிறகுதான் வேலையைத் தொடங்க வேண்டும். விண்ணப்பித்துவிட்டேன், அது போதும் என்று தொடங்கக் கூடாது.

எட்டாம் திசை:
இழையில் இதுவரை பேசியது எல்லாம் தேதி தாண்டாதவர்களுக்கு. தாண்டிவிட்டு, டிக்கெட்டுக்கும் பணம் இல்லாமல், யாரிடமும் சொல்லாமல் இருப்பவர்கள் உண்டு. அவர்களுக்காக எழுதுகிறேன்.

கதவு முழுக்க மூடிவிடுவதில்லை. கனடாவில் அனுமதி முடிந்து 90 நாளுக்குள் பழைய நிலையை மீட்டுத் தரும்படி கேட்கலாம். கட்டணம் கூடுதல், தருவார்கள் என்ற உறுதியும் இல்லை, ஆனால் வழி இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் அனுமதி முடிந்து 28 நாளுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் மூன்றாண்டுக்கு அங்கே தற்காலிக விசா கிடைப்பது கடினம். கிளம்ப ஏற்பாடு செய்துகொண்டிருப்பவருக்கு அங்கே பிரிட்ஜிங் விசா இ என்று ஒன்று தருகிறார்கள், அதை வாங்கிக்கொண்டால் அந்த இடைக்காலம் சட்டப்படியான தங்கலாகிவிடும். பிரிட்டனில் விருப்பத்தோடு திரும்புபவர்களுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் அரசுத் திட்டமே இருக்கிறது. சொந்தச் செலவில் தானாகக் கிளம்பியவருக்கு ஓராண்டுத் தடை என்றால், பிடித்து அனுப்பப்பட்டவருக்கு 10 ஆண்டு. ஐக்கிய அரபு அமீரகம் 2024 செப்டம்பர் முதல் டிசம்பர் கடைசிவரை அபராதம் இல்லாமல் வெளியேறவோ நிலையைச் சரிசெய்துகொள்ளவோ பொது மன்னிப்பு கொடுத்தது. இப்படி அறிவிப்பு வரும் காலத்தைத் தவறவிடக் கூடாது. ஆனால் வருமென்று நம்பிக் காத்திருக்கவும் கூடாது.

தூதரகத்தைப் பற்றி எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். விசாக் கட்டணம் கட்டித் தர மாட்டார்கள், அந்த நாட்டு அதிகாரியிடம் நீட்டித்துத் தரச் சொல்லவும் அவர்களால் முடியாது. ஆனால் கடவுச்சீட்டு தொலைந்திருந்தால் ஊர் திரும்ப அவசரப் பயணச் சான்று தருவார்கள், வீட்டாரைத் தொடர்புகொண்டு பணம் அனுப்பச் செய்வார்கள், சில நாடுகள் டிக்கெட்டுக்குக் கடனாகவும் தரும். 1963 வியன்னா ஒப்பந்தப்படி, தடுத்து வைக்கப்பட்டால் தூதரகத்துக்குத் தகவல் தரக் கேட்பது உங்கள் உரிமை. கேட்டால்தான் நடக்கும், வாய்விட்டுக் கேளுங்கள். 1951இல் தொடங்கிய சர்வதேச இடம்பெயர்வு நிறுவனமும் பல நாடுகளில் தானாகத் திரும்புபவர்களுக்குப் பயண உதவி செய்கிறது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். கடவுச்சீட்டை அடமானமாக யாரிடமும் கொடுக்காதீர்கள். பணம் இல்லாதவரைத் தேடி வரும் தரகர் அதைத்தான் முதலில் கேட்பார். உள்ளே ஆள் இருக்கிறது, முத்திரை வாங்கித் தருகிறேன் என்பார். அந்த முத்திரை போலியென்றால் மாட்டப்போவது கடவுச்சீட்டில் பெயர் இருப்பவர்தான்.

கடலோடி:
மருத்துவக் காப்பீட்டை யாரும் சொல்லவில்லை. நீட்டிக்கும் காலத்துக்கும் சேர்த்து எடுங்கள் தும்பை, பழையது முடிவதற்கு முன்பே. காசு குறைவாக இருக்கும்போது இதைத்தான் முதலில் வெட்டத் தோன்றும். வெளிநாட்டில் ஒரு இரவு மருத்துவமனையில் படுத்தால் குடும்பமே கடனாளி.

தும்பை:
எல்லோருக்கும் நன்றி. மருத்துவமனைக் கடிதம் கிடைத்தது. அக்காவும் அத்தானும் சேர்ந்து கடிதம் எழுதினார்கள். நண்பரின் பணத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அவரும் புரிந்துகொண்டார். விண்ணப்பத்தை அனுப்பி ரசீதும் வந்துவிட்டது. காப்பீட்டையும் நீட்டித்தாயிற்று. கடைசியாக ஒரு கேள்வி: பதில் வருவதற்குள் பழைய தேதி தாண்டிவிட்டால், நடுவில் அமெரிக்கா போய்ச் சித்தியைப் பார்த்து வரலாமா? மறுத்துவிட்டால் உடனே என்ன செய்ய வேண்டும்?

வழித்துணை:
போகாதீர்கள். பதில் வரும்வரை அனுமதி தொடரும் என்பது கனடாவுக்குள் இருக்கும்வரைதான். வெளியே போனால் அது முடிந்துவிடும், திரும்பி வரும்போது எல்லையில் உள்ள அதிகாரி புதிதாக முடிவெடுப்பார். விடவும் செய்யலாம், விடாமலும் இருக்கலாம். சித்தியைப் பிறகு பார்க்கலாம்.

ரசீதின் ஒரு நகலை எப்போதும் கையில் வைத்திருங்கள். துறையிடமிருந்து கூடுதல் காகிதம் கேட்டுக் கடிதம் வரலாம், அது கணினியில் உங்கள் கணக்குக்குள்தான் வரும். அடிக்கடி திறந்து பாருங்கள், பதில் தரக் கெடு வைத்திருப்பார்கள்.

மறுத்தால், பழைய தேதி தாண்டியிருக்கும் பட்சத்தில், மறுத்த நாளோடு அனுமதி முடிந்துவிடும். அதனால் டிக்கெட் தேதியை மாற்றுவதற்கான பணத்தை இப்போதே தனியாக எடுத்து அக்காவிடம் கொடுத்து வையுங்கள். வேறு எந்தச் செலவு வந்தாலும் அதைத் தொட வேண்டாம். உங்கள் டிக்கெட்டில் தேதி மாற்ற எவ்வளவு ஆகும், எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்று விமான நிறுவனத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். குழந்தை எப்படி இருக்கிறது என்றும் எழுதுங்கள்.

தும்பை:
எடை கூடிக்கொண்டு வருகிறது அண்ணா. அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்பலாம் என்கிறார்கள். டிக்கெட் விவரத்தை இன்று மாலையே கேட்டுவிடுகிறேன்.